புட்குழியும் நம் கல்லறைத் தோட்டமும்: ஈமச்சடங்கு வேறுபாடுகள் குறித்த ஓர் இறையியல் திறனாய்வு

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள சிற்றூர் திருப்புட்குழி. வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்றாகிய இவ்வூர் திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. 'புள்' என்பது பறவை. இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயு என்னும் கழுகரசனுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்றும், அதனாலேயே இப்பெயர் வந்ததென்றும் அவ்வூரார் கூறுவர். அங்குள்ள பெருமாளுக்கு விசயராகவன் என்று பெயர். திருக்குளத்திற்குச் சடாயு தீர்த்தம் என்று பெயர். சிதையின் வெம்மை தாங்காது தேவியர் இருவரும் இடம் மாறி அமர்ந்தனர் என்பது தலபுராணச் செய்தி. தம் முன்னோருக்கு நீர்க்கடன் செலுத்த அங்கு வருவோர் இன்றும் உளர்.

வான்மீகி இந்நிகழ்ச்சியைக் கோதாவரியை ஒட்டிய காட்டில் வைத்துப் பாடினார். ஆயினும், சடாயு வீழ்ந்த இடம் என்றோ எரியூட்டப்பெற்ற இடம் என்றோ உரிமை கொண்டாடும் ஊர்கள் பல. வைத்தீசுவரன்கோயில் எனப்படும் புள்ளிருக்குவேளூர், குடந்தையை அடுத்த புள்ளபூதங்குடி, கேரளத்துச் சடையமங்கலம், ஆந்திரத்து லேபாட்சி ஆகியவை அவற்றுட் சில. வரலாற்று ஆராய்ச்சியாளருக்கு இது இடர்ப்பாடு. இறையியல் பயில்வோர்க்கோ இதில் ஒரு செய்தி உண்டு. உறவல்லாத ஓர் உயிருக்கு இறுதிக்கடன் நிகழ்ந்த இடம் தம் மண்ணே என்று சொல்லிக்கொள்வதை இத்தனை ஊரார் பெருமையாகக் கருதினர். உறவல்லாத ஒருவனைத் தன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த சபை என்று பெயர் பெறுவதை நம் சபைகளுள் எத்தனை பெருமையாகக் கருதும்? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஈமச்சடங்குகளை நாம் பொதுவாக இரண்டாகப் பகுத்துப் பேசிப் பழகிவிட்டோம்: கிறிஸ்தவ வழக்கம், அஞ்ஞான வழக்கம். இப்பகுப்பு போதாது என்பது என் துணிபு. நான் கூற விழைவது மூன்று வகை. இறந்தவரின் ஆன்மா கடைத்தேறும்பொருட்டு உயிரோடிருப்போர் செலுத்தும் கடன்கள் முதல் வகை. இறந்தவர்மீது கொண்ட அன்பையும் துயரையும் வெளிப்படுத்தும் செயல்கள் இரண்டாம் வகை. இறந்தவர் இன்ன குலத்தார், இன்ன தரத்தார் என்று ஊரறியச் செய்யும் செயல்கள் மூன்றாம் வகை. நம் திருச்சபை முதல் வகையை விலக்கியது. அது நற்செய்திக்கு இசைந்த செயல். இரண்டாம் வகையையும் அதனோடு சேர்த்து எறிந்தது, அது நட்டம். மூன்றாம் வகையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுசென்று காத்துவருகிறது, அது பாவம்.

1. வழக்கங்கள் பல

இறந்தோரை என்ன செய்வது என்பதில் மாந்தர் ஒருகாலும் ஒத்த கருத்தினராய் இருந்ததில்லை. நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, பூம்புகாரின் ஈமப்புறங்காட்டை விவரிக்குமிடத்து, ஐந்து முறைகள் ஒரே இடத்தில் நிகழ்ந்தனவாகக் கூறுகிறது: எரித்தல், வெறுமனே இட்டுச் செல்லுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த அறைகளில் அடைத்து வைத்தல், தாழியால் கவித்தல். ஒரே நகரம், ஒரே புறங்காடு, ஐவகை மக்கள். ஆதிச்சநல்லூரில் கிடைத்த தாழிகளும், செங்கற்பட்டு வட்டாரத்தில் சாணூர் முதலிய இடங்களிற் காணப்படும் கல்வட்டங்களும் மண்ணில் அடக்கம் செய்யும் வழக்கம் இந்நாட்டில் எவ்வளவு தொன்மையானது என்பதை உணர்த்தும். புதைத்தல் மேனாட்டார் கொணர்ந்த கிறிஸ்தவ வழக்கமென்றும், எரித்தலே நம் நாட்டு வழக்கமென்றும் கருதுவது பிழை. இன்றும் இந்து சமயத்தாருள் புதைக்கும் வகுப்பார் பலர் உளர். சந்நியாசிகளைத் தகனம் செய்யாமல் பள்ளிப்படுத்துவதே மரபு.

பார்சிகளின் வழக்கம் இவை யாவற்றினும் வேறானது. நிலம், நீர், நெருப்பு ஆகியவை தூயவை. பிணத்தால் அவை மாசுறலாகாது என்பது அவர்தம் கொள்கை. ஆகவே உயர்ந்த வட்டச் சுவருக்குள் உடலைக் கிடத்திக் கழுகுகளுக்கு விட்டுவிடுவர். திருப்புட்குழியில் மனிதன் கழுகுக்கு ஈமக்கடன் செய்தான் என்பது கதை. மும்பையிலோ கழுகுகள் மனிதனுக்கு ஈமக்கடன் செய்துவந்தன. 1990களிலிருந்து இந்தியாவில் கழுகுகள் பெருமளவில் அழிந்தன. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபெனாக் என்னும் மருந்து, அவற்றின் இறைச்சியை உண்ட பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம் எனக் கண்டு, கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதை 2006இல் அரசு தடைசெய்தது. பறவைகள் இல்லாதொழியவே, பார்சிகளுள் ஒரு பகுதியார் தகனத்தை நாடினர். 2015இல் மும்பை வொர்லி மயானத்தில் அவர்களுக்கென ஒரு வழிபாட்டு மண்டபமும் அமைந்தது. நெடுங்காலம் நின்ற வழக்கமும் காலத்தின்முன் இளகுகிறது.

நமக்கு இவ்வழக்கங்களைக் கற்பித்த நாட்டின் நிலை என்ன? தன் குழந்தையின் உடலை எரிக்க முற்பட்ட வேல்சு நாட்டு மருத்துவர் ஒருவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், தகனம் சட்டத்திற்கு முரணன்று என 1884இல் தீர்ப்பாயிற்று. 1902இல் தகனச் சட்டம் இயற்றப்பட்டது. 1944இல் மறைந்த கண்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளின் உடல் தகனம் செய்யப்பட்டது. உரோமைத் திருச்சபையும் 1963இல் தன் தடையைத் தளர்த்தியது. இன்று இங்கிலாந்தில் இறப்போருள் பெரும்பாலோர் எரியூட்டப்படுகின்றனர். நம் கிராமச் சபைகளிலோ, பிள்ளைகள் தகனத்தை விரும்பினால் அடக்க ஆராதனை நடத்தலாகுமா என்று ஆயரிடம் ஐயுற்றுக் கேட்கின்றனர். மரத்தைப் பறித்தவர்கள் போய்விட்டார்கள். நாம் இன்னும் நிழலுக்குக் காவல் இருக்கிறோம்.

திருமறையும் ஒரே முறையை விதிக்கவில்லை. யாக்கோபின் உடலுக்கு எகிப்திய மருத்துவர் 40 நாள் சுகந்தவர்க்கமிட்டனர். எகிப்தியர் 70 நாள் துக்கம் கொண்டாடினர் (ஆதியாகமம் 50:2,3). அந்நிய நாட்டாரின் முறைப்படி பதப்படுத்தப்பட்ட அவ்வுடல், முற்பிதாக்களின் மக்பேலாக் குகையில் வைக்கப்பட்டது. இதனை யோசேப்பு சமயக்கலப்பு என்று அஞ்சவில்லை. சவுலின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் யாபேஸ் கீலேயாத்தின் மக்கள் எரித்து, எலும்புகளை ஒரு மரத்தின்கீழ் அடக்கம் செய்தனர் (1 சாமுவேல் 31:12,13). அவர்களைத் தாவீது கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் காட்டிய தயவுக்காக ஆசீர்வதித்தான் (2 சாமுவேல் 2:5). ஏதோம் ராஜாவின் எலும்புகளை மோவாப் நீறாக்கியதையோ ஆமோஸ் கண்டித்தான் (2:1). இரண்டிலும் நெருப்பு உண்டு. ஒன்றில் அன்பு இருந்தது; மற்றொன்றில் பகை இருந்தது. திருமறை நோக்குவது அதனையே.

2. சடாயுவின் சிதையும் மாறனேரி நம்பியின் உடலும்

இனி, திருப்புட்குழிக் கதைக்கு மீள்வோம். சடாயு தசரதனின் நண்பன். தசரதன் இறந்தபோது மூத்த மகனாகிய இராமன் அருகில் இல்லை. தந்தைக்குச் செய்ய இயலாததைத் தந்தையின் நண்பனாகிய பறவைக்குச் செய்கிறான். வான்மீகியின் இராமன் தன் தந்தையை மதிப்பதுபோலவே இப்பறவையை மதிப்பதாகக் கூறி, விறகடுக்கி, எரியூட்டி, நீர்க்கடன் செலுத்துகிறான். கம்பரிலும் சடாயு தந்தையின் இடத்தைப் பெறுகிறான்.

கம்பரின் கதையமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அயோத்தியா காண்டத்தில், தசரதனுக்கு ஈமக்கடன் செய்யப் பரதன் எழுகிறான். வசிட்டன் தடுக்கிறான்; தசரதன் உன்னை மகனல்லன் என்று துறந்துவிட்டான், உனக்கு அவ்வுரிமை இல்லை என்கிறான். சத்துருக்கனன் அக்கடனைச் செய்கிறான். வான்மீகியில் பரதனே செய்வதால், இம்மாற்றம் கம்பர் எண்ணிச் செய்ததாகல் வேண்டும். பெற்ற மகன் விலக்கப்படுகிறான். ஆரணிய காண்டத்தில், பறவை தந்தையாக ஏற்கப்படுகிறது. ஈமக்கடன் உறவின் அடையாளம் மட்டுமன்று. உறவை மறுக்கவும் வல்லது, புதிதாய்ப் படைக்கவும் வல்லது என்பதை இவ்விரு காட்சிகளும் அடுத்தடுத்து உணர்த்துகின்றன.

இக்கதை ஏட்டோடு நில்லாமல் ஒருமுறை வாழ்விலும் பாய்ந்தது. வைணவ குருபரம்பரை வரலாறு கூறும் செய்தி அது. ஆளவந்தாரின் மாணாக்கருள் மாறனேரி நம்பி என்பவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றியவர். தம் உடல் உறவினர் கையில் அகப்பட்டு, வைணவமல்லாத சடங்குகளுக்கு உள்ளாகுமோ என அஞ்சித் தம் உடன்மாணாக்கராகிய பெரியநம்பியிடம் இறுதிக்கடனை ஒப்படைத்தார். பெரியநம்பி பிராமணர், இராமானுசரின் ஆசிரியருள் ஒருவர். அந்தணர்க்கே உரியதெனக் கருதப்பட்ட பிரமமேத முறைப்படி அவர் அவ்வுடலுக்கு ஈமக்கடன் செய்தார். திருவரங்கத்து உறவினர் அவரை ஒதுக்கிவைத்தனர். இராமானுசரே வந்து காரணம் வினவினார். பெரியநம்பி சடாயுவின் கதையையே விடையாகச் சொன்னார்: பறவைக்குக் கடன் செய்த இராமனிலும் யான் மேம்பட்டவனோ, அப்பறவையினும் நம்பி தாழ்ந்தவரோ என்பது அவ்விடையின் கருத்து. விதுரனுக்குத் தருமன் ஆற்றிய கடனையும் அவர் எடுத்துக்காட்டினார் என்பர். இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் கல்வி பயின்ற ஊர் திருப்புட்குழியே என்பது மரபு. பறவையின் கதையை அதன் குளக்கரையில் கேட்டு வளர்ந்தவருக்கு, அக்கதையின் பொருள் ஒரு தலித்தின் சிதையருகே விளங்கிற்று.

இம்மரபை நாம் மதிப்போடு அணுகவேண்டும்; மிகைப்படுத்தவும் கூடாது. பெரியநம்பியின் செயல் போற்றப்பட்டதேயன்றி வழக்கமாகவில்லை. நம் வட்டாரத்தின் வழியே ஓடும் அதே பாலாற்றின் மேற்பகுதியில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டு மாதம், மயானத்திற்குச் செல்லும் வழி மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினர். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. கதை கோயிலில் இருக்கிறது; பாதை வயலில் மறிக்கப்படுகிறது.

மற்றொன்றும் உண்டு. சடாயு சீதைக்காக உயிர் கொடுத்தவன். மாறனேரி நம்பி பெரும் பக்தர். இருவரும் தகுதியால் எல்லையைக் கடந்தவர்கள். தகுதி யாதுமில்லாத, பெயரும் அறியப்படாத ஒருவனுக்கு இக்கதைகளில் இடம் உண்டா? இங்கேதான் நற்செய்தி பேசவேண்டும். ஆனால், நற்செய்தி பேசுமுன் நாம் நம்மை நோக்கவேண்டும்.

3. நாம் விட்டவையும் வைத்துக்கொண்டவையும்

மிஷனெரிமார் காலத்தில் நம் மூதாதையர் பிண்டமிடுதலையும் நீர்க்கடனையும் கருமாதியையும் விட்டனர். கிறிஸ்துவின் ஒரே பலி நிறைவானது, இறந்தோரின் கதி நம் கொடையால் மாறுவதன்று என்னும் நம்பிக்கைக்கு அது இன்றியமையாதது. அதில் நாம் பின்வாங்க வேண்டுவதில்லை. மூன்றாம் நாள், பதினாறாம் நாள், நாற்பதாம் நாள் ஜெபக்கூட்டங்கள் சில இடங்களில் அக்கருமாதியின் சாயலைப் பெறுவதையும் ஆயர்கள் விழிப்போடு நோக்கவேண்டும்.

அவற்றோடு ஒப்பாரியும் போயிற்று. அழுகிற பெண்களை அழைத்து வரவும், அவர்கள் தம் குமாரத்திகளுக்குப் புலம்பல் கற்றுக்கொடுக்கவும் கர்த்தர் சொல்வதாக எரேமியா உரைக்கிறான் (9:17-20). நம் ஆண்டவர் லாசருவின் கல்லறையருகே அழுதார். பவுல் தெசலோனிக்கேயருக்குத் தடுத்தது நம்பிக்கையற்ற துக்கத்தை, துக்கத்தையன்று. எனினும் நம் வீடுகளில், ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டு மகனின் வாழ்க்கையைச் சொல்லிப் புலம்பத் தொடங்கியவுடன், யாரேனும் ஒருவர் பாமாலையைத் தொடங்கி அவள் குரலை அமிழ்த்திவிடுகிறார். அந்நிய நாட்டின் கறுப்பாடையை நாம் ஏற்றோம்; நம் நாட்டுத் தாயின் கண்ணீர்ப் பாட்டை மறுத்தோம்.

பறை பற்றி இங்குக் கூறவேண்டும். சாவுக்குப் பறையடித்தல் ஒரு குலத்தார்மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலை. கிறிஸ்தவர்களான தலித்துகள் பலர் இனி அடிக்கமாட்டோம் என்று மறுத்தது விடுதலையின் செயல். அதனை மேனாட்டு மோகம் என்று எள்ளுதல் தகாது. பின்னர், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோப்பிலஸ் அப்பாவு அவர்கள் நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். சென்னைப் பேராயத்தின் கிராமங்களில் ஊழியம் செய்த சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளிவந்த தம் நூலில் பறையைக் கிறிஸ்துவியலின் குறியீடாகவே ஆய்ந்தார். ஒரே பறை, கட்டாயத்தால் அடிக்கப்படும்போது மூன்றாம் வகையைச் சாரும். விடுதலை பெற்றவர் தாமே விரும்பி அடிக்கும்போது இரண்டாம் வகையைச் சாரும். கருவி எது என்பதனைவிட, யார் கையில், யார் சொற்படி என்பதே கேள்வி.

மூன்றாம் வகை நம்மிடம் எவ்வாறு நிலைத்தது? சாதி வேற்றுமை திருச்சபைக்குள் உடனடியாக ஒழியவேண்டும் என்று பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றுமடல் விடுத்தார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. ஒரே பாத்திரத்தில் பருகும் நிலைக்குப் பெரும்பாலும் வந்துவிட்டோம். ஒரே மண்ணில் படுக்கும் நிலைக்கு வந்தோமா? திருச்சி மேலப்புதூரில் உரோமைச் சபையாரின் கல்லறைத் தோட்டத்துள் சாதியின் பெயரால் எழுந்த மதிலை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர் போராடியது நாடறிந்தது. அதைச் சுட்டிக்காட்டி நாம் மனநிறைவு கொள்ள இயலாது. மதில் இல்லாத இடங்களில் வேலியுண்டு. வேலி இல்லாத இடங்களில், எவருடைய குடும்பம் எந்த வரிசை என்பதை எல்லாரும் அறிவர். குழி வெட்டுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்டுப்பாருங்கள். இறந்தவரின் பெயரில் சந்தா பாக்கி உண்டா என்று கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே மணியடிக்க இசைவு தரும் சேகரங்களும் உண்டு. கடன் தீர்ந்தாலன்றிக் குழி இல்லை என்பது எந்தச் சமயத்தின் ஈமக்கடன்?

பிறர் நமக்குச் செய்வதை நாம் நன்கு அறிவோம். சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் வட்டாரத்தில் 2025 ஜனவரி 7 அன்று இறந்த ஒரு போதகரின் உடலை அவர் சொந்த ஊரில் அடக்கம் செய்ய ஊரார் எதிர்த்தனர். அவர் மகன் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். நீதிபதிகள் இருவரும் வேறுபட்ட தீர்ப்பு எழுதினர். ஆயினும், உடல் 20 நாள் சவக்கிடங்கில் கிடந்ததைக் கருதி, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் செய்யுமாறு ஜனவரி 27 அன்று கட்டளையிட்டனர். இலங்கையில் 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில், புதைத்தலே தம் மார்க்கக் கடமை எனக் கொண்ட இஸ்லாமியரின் உடல்களையும் அரசு கட்டாயமாக எரித்தது. 2021 பிப்ரவரியில் அவ்விதி நீங்கியது. 2024இல் அரசு வருத்தம் தெரிவித்தது. இவற்றைக் கேட்டு நாம் வேதனையுற்றோம், வேண்டுதல் செய்தோம். இறந்தவனுக்கு நிலம் மறுப்பது கொடுமை என்று பிறரிடம் சொல்லும் நாவு, நம் தோட்டத்து வேலியைப் பற்றியும் பேசவேண்டும்.

பிறரைக் குறித்து எழுதும் நான் என் குற்றத்தையும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஒரு கிராமத்தில், குடும்பத்தில் தாம் ஒருவராக ஞானஸ்நானம் பெற்ற முதியவள் ஒருத்தி இறந்தாள். அடக்க ஆராதனை முறையாக நடந்தது. குழியருகே வந்தபோது, அவள் மூத்த மகன் தோளில் நீர்க்குடத்தோடு நின்றான். மும்முறை சுற்றிவந்து குடத்தை உடைக்கவேண்டும், அம்மாவுக்கு நான் செய்யும் கடைசிக் காரியம் ஐயா, என்றான். நான் மறுத்தேன். அதுமட்டுமன்று, சடங்கு நடந்துவிடுமோ என்னும் அச்சத்தால், அவனை வாயிலுக்கு வெளியே நிற்குமாறு சொன்னேன். முதல் மண்ணைச் சபை மூப்பர் ஒருவர் இட்டார். அவர் அவளுக்கு யாதொரு உறவும் இல்லாதவர். அவள் பெற்ற மகன் குடத்தை மண்ணில் வைத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்று நான் கோட்பாட்டைக் காத்ததாக எண்ணினேன். குடம் உடைத்தலை நான் இன்றும் நடத்தமாட்டேன். ஆனால் அவன் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்திருக்கலாம். வசிட்டன் பரதனுக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்தேன்.

4. குயவனுடைய நிலம்

திருமறையில் முதன்முதல் விலைக்கு வாங்கப்பட்ட நிலம் ஒரு கல்லறை. சாராள் இறந்தபோது, தான் அந்நியனும் பரதேசியும் என்று சொல்லி ஆபிரகாம் ஏத்தின் புத்திரரிடம் அடக்க நிலம் வேண்டுகிறான் (ஆதியாகமம் 23). அவர்களோ தங்கள் கல்லறைகளுள் சிறந்ததில் அடக்கம் செய்யுமாறு கூறுகின்றனர். 400 சேக்கல் வெள்ளிக்கு அவன் மக்பேலாவைப் பெற்றான். வாக்குத்தத்த தேசத்தில் அவனுக்குச் சொந்தமானது அவ்வடக்க நிலம் ஒன்றே. அந்நியனாக ஒரு குழிக்குக் கையேந்தி நின்றவனின் சந்ததி நாம். அவனுக்கு நல்ல கல்லறையை மனமுவந்து தர முன்வந்தோர், நாம் அஞ்ஞானிகள் என்று அழைப்போர்.

ஆண்டவரின் அடக்கத்தை நோக்குவோம். சீஷர் ஓடிப்போயினர். உடலைக் கேட்டுப் பெற்றவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு. சுகந்தவர்க்கம் கொணர்ந்தவர் இரவில் வந்த நிக்கொதேமு. இருவரும் உறவினரல்லர். அடக்கம் யூதரின் முறைப்படி நடந்தது என்று யோவான் குறிப்பிடுகிறார் (19:40). ஆண்டவர் தம் மக்களின் வழக்கத்திற்கு உடன்பட்டார். ஆனால் கல்லறை இரவலானது. குடும்பக் கல்லறையில் இடம் பிடிப்பதற்காக வழக்காடும் நம் மக்களுக்கு இதனை நாம் ஓதியதுண்டா?

இவற்றினும் நான் முதன்மையாகக் கருதுவது மத்தேயு 27:3-10. யூதாஸ் எறிந்த 30 வெள்ளிக்காசை ஆசாரியர் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கவில்லை, இரத்தக்கிரயம் என்றனர். அதைக்கொண்டு, அந்நியரை அடக்கம்பண்ணுவதற்காகக் குயவனுடைய நிலத்தை வாங்கினர். விளக்கவுரையாளர் பெரும்பாலும் இங்கே தீர்க்கதரிசனம் நிறைவேறியதை ஆய்ந்து மேற்செல்கின்றனர். சகரியாவா எரேமியாவா என்று வாதிடுகின்றனர். அந்நிலத்தின் பயனை நாம் எண்ணுவதில்லை. ஆசாரியரின் நோக்கம் தீட்டான பணத்தைத் தீட்டானவர்களுக்கென ஒதுக்குவது. அவர்களும் மூன்றாம் வகை மக்களே. ஆயினும் நடந்தது என்ன? ஆண்டவரின் விலையாக எண்ணப்பட்ட பணத்தால் இவ்வுலகில் வாங்கப்பட்ட நிலம், ஊரும் பேரும் இல்லாத அந்நியர் படுப்பதற்கான இடமாயிற்று. அவர்கள் எவருக்காகவும் போரிட்டவர்களல்லர். பெரும் பக்தர்கள் என்று எவரும் சான்று பகரவில்லை. சடாயுவுக்கும் மாறனேரி நம்பிக்கும் இருந்த தகுதி அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு இருந்தது ஒன்றே: அவர்களுக்காக ஒருவருடைய விலை கொடுக்கப்பட்டிருந்தது. கிருபை என்று நாம் பிரசங்கிப்பது இதுவல்லவா? ஆபிரகாம் அந்நியனாய்த் தேடிய குழி, கிறிஸ்துவின் விலையால் எல்லா அந்நியருக்கும் கிடைத்தது. நம் கல்லறைத் தோட்டங்கள் அனைத்தும் அந்தக் குயவன் நிலத்தின் பகுதிகளே. அங்கே சாதிக்கு வரிசை பிரிப்பவன், தனக்கு இலவசமாய்க் கிடைத்த இடத்தைப் பிறனுக்கு விற்கிறான்.

5. செய்யத்தக்கவை

ஆய்வு செயலில் முடியவேண்டும் என்பதால் சில சொல்லி அமைகிறேன். முதலாவது, அடக்கமோ தகனமோ, குடும்பத்தார் விரும்பும் முறையில் ஆயர் தயக்கமின்றி ஊழியம் செய்யலாம். உயிர்த்தெழுதல் மண்ணின் வலிமையால் நிகழ்வதன்று. இரண்டாவது, இறந்தவரின் கிறிஸ்தவரல்லாத பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தாருக்கும் உடலைச் சுமக்கவும் முதல் மண் இடவும் உரிமை தரவேண்டும். அது சமயக்கலப்பன்று, ஐந்தாம் கற்பனை. மூன்றாவது, பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடும் வழக்கத்தை நாம் தொடரலாகாது. ஆண்டவரின் கல்லறைக்கு முதலில் சென்றோர் பெண்களே. நான்காவது, ஆராதனை முறையில் புலம்பலுக்கு ஓர் இடம் வேண்டும்; அழுது முடிக்குமட்டும் பாமாலை காத்திருக்கட்டும். ஐந்தாவது, சந்தாப் புத்தகம் அடக்க நாளில் மூடியிருக்கட்டும். ஆறாவது, குழி வெட்டும் வேலை ஒரு தெருவாரின் பிறப்புரிமையாய் இருத்தல் ஒழியவேண்டும். வாலிபர் சங்கத்தார் மண்வெட்டி ஏந்தினால் அதுவே ஒரு பிரசங்கம். இறுதியாக, வேலியோ வரிசையோ உள்ள தோட்டங்களில் அடுத்து வரும் அடக்கம் அவ்வெல்லையைக் கடந்து நடைபெறட்டும். சேகரக் கமிட்டியின் தீர்மானத்திற்காகக் காத்திருந்தால் நாமும் அதே வரிசையில் அடக்கமாவோம். தம் குடும்பத்தின் உடலை எல்லைக்கு அப்பால் வைக்க முதலில் முன்வரவேண்டியவர் ஆயரே. பெரியநம்பி இசைவு கேட்டுச் செய்யவில்லை, ஒதுக்கிவைக்கப்பட்டார், எனினும் செய்தார்.

திருப்புட்குழித் தாயார் மரகதவல்லியிடம் வேண்டிக்கொண்டால் வறுத்த பயறும் முளைக்கும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் பயறோடு அங்குச் செல்கின்றனர். அந்நம்பிக்கையை நாம் ஏற்பதில்லை. ஆனால் நெருப்புப்பட்ட விதை முளைக்கவேண்டும் என்று ஏங்கும் நெஞ்சம் நம் அண்டை வீட்டாரிடம் இருக்கிறது; செத்தாலொழிய விதை உயிர்க்காது என்று கொரிந்தியருக்கு எழுதிய அப்போஸ்தலன் அந்நெஞ்சத்தோடு பேசத் தெரிந்தவன். அவ்விதையைக் குறித்து அவர்களிடம் நாம் பேசும் இடம் பெரும்பாலும் கல்லறையே. அங்கே அவர்கள் நம் சொற்களைக் கேட்குமுன், நாம் யாரை எங்கே கிடத்துகிறோம் என்பதைப் பார்த்துவிடுகிறார்கள்.